தண்ணீரில் நிற்கும் காடு: கெத்தாம் தீவுக்கு ஒரு பயணம்

சுபாங் ஜெயாவில் கொமுட்டர் ரயில் ஏறி, ஒரு மணி நேரத்திற்குள் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து அரை மணி, முக்கால் மணி நேரம் படகில் போனால், காரே இல்லாத ஓர் ஊருக்குப் போய்ச் சேரலாம். அந்த ஊரைச் சுற்றிக் கடலுக்குள்ளேயே வேர் விட்டு நிற்கும் பெரிய காடு ஒன்று இருக்கிறது. வாசகர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பீர்கள்? அறுபது வயது கடந்தும் நான் பார்த்ததில்லை. எண்பத்து நான்கு வயதான என் தாயார் கேட்டிருக்காவிட்டால், இன்னும் பார்க்காமலேயே இருந்திருப்பேன்.

அம்மா பால்மரம் வெட்டியவர். உலு சிலாங்கூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கையில் உளியும் தோளில் பால் வாளியுமாக நடந்தவர். தோட்டம் கைமாறி லயன் வீடுகள் உடைக்கப்பட்ட பிறகு என்னோடு சுபாங் ஜெயாவுக்கு வந்துவிட்டார். மூன்றாவது மாடியில் வீடு. முழங்கால் வலி வந்ததிலிருந்து அவர் கீழே இறங்குவதே அபூர்வம். கோயிலுக்கு வாருங்கள் என்றாலும், "வெச்ச இடத்துல இருந்தே கும்பிடுறேன்" என்று சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலைப் பசியாறும்போது, "ஏன்யா, கப்பல் வந்த இடம் இங்கேயிருந்து ரொம்ப தூரமா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார்.

அவருடைய தகப்பனார், அதாவது என் தாத்தா, 1937-ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். 1938-ல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு உதவிப் பயணத்தில் ஆட்களை அனுப்புவதைத் தடை செய்தது. அதற்கு முந்திய கடைசிக் கூட்டங்களில் ஒன்றில் அவர் வந்துவிட்டார். வந்த கப்பல் 'ரஜுலா'. 1926-ல் கட்டப்பட்டு, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடிய அதே ரஜுலாதான். மேல்தளத்தில் பாய் விரித்து ஆயிரக்கணக்கான பேர் படுத்து வந்த கப்பல். நம் வீடுகளில் பலவற்றின் கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

தோட்டத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா அந்தக் கப்பல் கதையைச் சொல்வாராம். "பினாங்கு தாண்டி வந்தோம். ஒரு விடியற்காலை கப்பல் மெதுவாச்சு. எட்டிப் பாத்தா ரெண்டு பக்கமும் காடு. கரையே இல்லே. மண்ணே இல்லே. மரமெல்லாம் தண்ணியில நிக்குது. நடுவுல கப்பல் போகுது" என்பாராம்.

யாரும் நம்பவில்லை. கடல் தண்ணீரில் மரம் முளைக்குமா என்று கேலி செய்தார்களாம். பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இருந்த அம்மாவும் எல்லார் முன்னிலையிலும், "சும்மா இருங்கப்பா, எப்பப் பாத்தாலும் புளுகு" என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு தாத்தா அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. சில வருடங்களில் காலமாகிவிட்டார்.

"எழுவது வருசமா அது மனசுல கெடக்குதுய்யா. அவரு சொன்னது நெசமா பொய்யான்னு ஒரு தடவை பாத்துடணும்" என்றார் அம்மா.

மோரிப் கடற்கரைக்குத் தோட்டத்து பஸ் போன போதெல்லாம், ஆடு மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று வீட்டிலேயே நின்றுவிட்டவர் அவர். இந்த ஆசையையாவது தள்ளிப் போடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ரயிலில்

பக்கத்து வீட்டில் மடக்கு நாற்காலி வண்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டோம். பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு, ஒரு விடுமுறை நாளில், அம்மாவும் நானும் பத்து வயதுப் பேரனும் காலை ஏழு மணிக்கெல்லாம் சுபாங் ஜெயா ரயில் நிலையத்திற்குப் போய்விட்டோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் நின்றுகொண்டிருந்த ஊரே ஒரு காலத்தில் தோட்டம்தான். சீபீல்ட் தோட்டத்துப் பால்மரங்களை அழித்து, 1976-ல் தொடங்கி வீடு வீடாக எழுந்ததுதான் இன்றைய சுபாங் ஜெயா. ரயில் புறப்பட்டுப் பத்து தீகாவைத் தாண்டியதும் ஷா ஆலம் வருகிறது. 1978-ல் சிலாங்கூரின் தலைநகரான அந்த நகரமும் சுங்கை ரெங்கம் என்ற பெயரில் தோட்டமாக இருந்த நிலம். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்த அம்மா, "ஒரு மரத்தைக் கூட விட்டு வெக்கலையே" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக் கடந்து கிள்ளான். இந்த ரயில் பாதைக்கும் வயது அதிகம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கும் புக்கிட் கூடா வரை 1886-லேயே ரயில் ஓடியது. ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே ஆழமான இடம் பார்த்து 1901-ல் திறக்கப்பட்ட துறைமுகத்துக்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் வைத்தார்கள். 1972-ல்தான் அது போர்ட் கிள்ளான் ஆயிற்று. நம் பெரியவர்கள் வாயில் "போட் சுட்டனாம்" என்று வருவது இந்த இடம்தான். கப்பலில் வந்த தொழிலாளர்களை நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்தி வைத்துப் பார்த்து, பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பியதும் இங்கிருந்துதான்.

ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடங்களில் படகுத்துறை. தீவுக்குப் போகும் படகுகள் நீண்டு, தாழ்ந்து, உள்ளே இரண்டு பக்கமும் இருக்கை போட்டவை. அம்மாவை எப்படி ஏற்றுவது என்று நான் தயங்கி நின்றேன். படகுக்காரச் சீன இளைஞர் ஒருவர் ஒன்றும் பேசாமல் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். மறு பக்கம் நான். நாற்காலி வண்டியை யாரோ ஒரு மலாய்ப் பெரியவர் தூக்கி உள்ளே வைத்தார். அம்மா உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா இறங்கின எடத்துல நான் ஏறுறேன்" என்றார்.

சேறு தெரிந்த நேரம்

படகு புறப்பட்டது. துறைமுகத்தின் ராட்சத பளுதூக்கிகளும், கொள்கலன் அடுக்கிய கப்பல்களும் பின்னால் போயின. முன்னால் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. நெருங்க நெருங்க அது காடாயிற்று.

கிள்ளான் கரைக்கு எதிரே இப்படிப் பல தீவுகள் இருக்கின்றன. கெத்தாம் தீவு, கிள்ளான் தீவு, தெங்கா தீவு, சே மாட் சின் தீவு என்று பெயர்கள். மலையோ பாறையோ கிடையாது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேற்றின் மேல் வளர்ந்த அலையாத்திக் காடுகள்தாம் எல்லாம். அலையை ஆற்றுவதால், அதாவது அதன் வேகத்தைத் தணிப்பதால், தமிழில் அலையாத்தி என்று பெயர். மலாயில் பாயா பாக்காவ். இவற்றில் பெரும்பகுதி வெட்டக்கூடாத காப்புக் காடாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. மனிதர் குடியிருப்பது கெத்தாம் தீவின் ஓரத்தில் இரண்டு கிராமங்களில் மட்டும். ஒன்று சுங்கை லீமா, மற்றது கெத்தாம். 'கெத்தாம்' என்றால் நண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

படகு காட்டை ஒட்டிப் போனபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. கடல் நன்றாக வற்றியிருந்த நேரம். காட்டுக்கு முன்னால் கறுத்த சேறு நீண்டு கிடந்தது. மரங்கள் எல்லாம் அந்தச் சேற்றின் மேலேதான் நின்றன. வெள்ளைக் கொக்குகள் சேற்றில் நடந்து இரை தேடின.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"மண்ணு தெரியுதேய்யா. தண்ணியில நிக்கலையே" என்றார்.

பேரன் உடனே, "பெரிய பாட்டி, உங்க அப்பா கதை விட்டுட்டார்!" என்று சிரித்தான். நான் அவனை முறைத்தேன். அம்மா கோபிக்கவில்லை. "நானும் உன்னை மாதிரிதான்டா சிரிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

கால் மேல் நிற்கும் ஊர்

கெத்தாம் கிராமம் முழுவதும் தூண்களின் மேல் நிற்கிறது. வீடு, கடை, பள்ளி, மருந்தகம், போலீஸ் நிலையம், சீனர் கோயில் எல்லாமே அப்படித்தான். முன்பு மரத்தூண்கள், இப்போது பெரும்பாலும் சிமெண்டுத் தூண்கள். சடக்கு என்பது ஆள் உயரத்துக்கு மேல் கட்டிய குறுகிய சிமெண்டுப் பாதை. அதில் சைக்கிளும் மின்சார சைக்கிளும் மட்டுமே ஓடுகின்றன. வாடகைக்கும் சைக்கிள் கிடைக்கிறது. பாதை சமமாக இருந்ததால் அம்மாவின் நாற்காலி வண்டி சுலபமாக உருண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சீன மீனவர்கள் இங்கு வந்து குடியேறிவிட்டார்கள். ஹொக்கியன், தியோச்சூ பேசும் குடும்பங்கள் அதிகம். வாசலில் வலை பின்னுகிறார்கள். மீனும் இறாலும் காய்கின்றன. அக்கரையில் மிதக்கும் கூடுகளில் மீன் வளர்க்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் கிழவன் கிழவிதான் இருந்தார்கள். இளையவர்கள் வேலைக்குக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். அதைக் கேட்டதும், "நம்ம தோட்டம் மாதிரிதான்" என்றார் அம்மா.

கருவாட்டுக் கடை ஒன்றில் நிழலுக்காக ஒதுங்கினோம். கடைக்காரத் தவுக்கேக்கு எழுபது வயது இருக்கும். அம்மாவைப் பார்த்து, "நேநேக், டுடோக், டுடோக்" என்று மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். இருவருக்கும் பொதுவான பாஷை அரைகுறை மலாய். அதிலேயே அரை மணி நேரத்தில் பிள்ளை குட்டி, முழங்கால் வலி, மருந்து எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

நாங்கள் வந்த காரணத்தை நான் சொன்னேன். தவுக்கே சிரித்துவிட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். "இப்போது தண்ணீர் கீழே இருக்கிறது. இனிமேல் ஏறும். மூன்றரை மணிக்கு நிறையும். இருந்து பார்த்துவிட்டுப் போங்கள். கடைசிப் படகைத் தவற விடாதீர்கள்" என்றார்.

கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது என்பதை நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஏறுவதற்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம், வற்றுவதற்கு ஆறு மணி நேரம். சந்திரன் இழுப்பதால் வருவது இது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் சூரியனும் சேர்ந்து இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் அதிகம். கிள்ளான் கரையில் பெரிய ஏற்ற நாட்களில் நீர்மட்டம் 5 மீட்டருக்கு மேல் போவது உண்டு. காலையில் நாங்கள் பார்த்தது வற்றம். தாத்தாவின் கப்பல் வந்தபோது ஏற்றமாக இருந்திருக்க வேண்டும். பெரிய கப்பலுக்கு ஆழம் வேண்டுமல்லவா?

உப்பு சாப்பிடும் மரம்

காத்திருந்த நேரத்தில் தவுக்கே எங்களைக் கிராமத்தின் கடைசிக்கு அழைத்துப் போனார். சிமெண்டுப் பாதை முடியும் இடத்தில் காடு தொடங்கியது.

முதலில் நின்றவை அப்பி-அப்பி மரங்கள். இவற்றைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களைக் குத்தி வைத்தது போல ஆயிரக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் வேரே வெளியே தலையை நீட்டி மூச்சு விடுகிறது. தவுக்கே ஓர் இலையைப் பறித்துப் பேரனிடம் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொன்னார். அவன் நக்கிவிட்டு, "உப்பு!" என்று கத்தினான். கடல் நீரைக் குடிக்கும் இந்த மரம், வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது.

அடுத்து பாக்காவ் மரங்கள். தமிழில் சுரபுன்னை என்பார்கள். அடிமரத்திலிருந்து பல கால்கள் வளைந்து இறங்கிச் சேற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்குகிறது. விழும்போது நேராகச் சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே கன்றாகிவிடும். தண்ணீர் இருந்தால் மிதந்து போய் வேறு கரையில் வேர் பிடிக்கும். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாத்து விடுற வேலையும் மிச்சம், நடுற வேலையும் மிச்சம்" என்றார்.

இந்தக் கரையோரக் காடுகளில் வளரும் இன்னொரு மரத்தைப் பற்றியும் பால்மரம் வெட்டியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மலாயில் பூத்தா-பூத்தா. பூத்தா என்றால் குருடு. பட்டையைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும்; அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதற்குத் தமிழில் தில்லை என்று பெயர். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயர் வந்தது இந்த மரத்தால்தான். நம் பால்மரமும் தில்லையும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த உறவுக்காரர்கள். தகப்பனார் நாட்டின் கோயில் மரம் கிள்ளான் கரையிலும் வளர்கிறது என்று சொன்னபோது, அம்மா கை கூப்பினார்.

கீழே சேற்றில் நண்டுகள் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. சேற்றுமீன்கள் துடுப்பை ஊன்றித் தவழ்ந்து வேரின் மேல் ஏறின. தண்ணீருக்கு வெளியேயும் உயிர் வாழக்கூடிய மீன் இது. மேலே செம்பழுப்பு இறக்கையும் வெள்ளைத் தலையுமாக ஒரு பறவை வட்டமிட்டது. "கருடன்!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்தச் சேற்று நிலங்களை நம்பி, செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா போன்ற வடநாடுகளிலிருந்து கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து தங்குகின்றன. அதனால் உலகப் பறவை ஆய்வாளர்களும் கிள்ளான் தீவுகளை முக்கியமான இடமாகக் கருதுகிறார்கள்.

"தாக் அடா பாக்காவ், தாக் அடா ஈக்கான்" என்றார் தவுக்கே. பாக்காவ் இல்லாவிட்டால் மீன் இல்லை. இறாலும் மீனும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது இந்த வேர்களுக்கு இடையேதான். காட்டை வெட்டினால் வலையில் ஒன்றும் விழாது என்பதை மீனவர்கள் வயிற்றால் அறிந்திருக்கிறார்கள்.

மனிதருக்கும் இது காவல். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது நம் நாட்டில் பினாங்கிலும் கெடாவிலும் உயிர்கள் போயின. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாக இருந்ததைப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். கேரித் தீவு போன்ற கரையோரத் தோட்டங்களில் கடல் நீர் உள்ளே வராதபடி பண்டு கட்டி, அதை ஆண்டுதோறும் பழுது பார்க்க வேண்டியிருக்கிறது. பண்டு வேலை தெரிந்தவர்களுக்கு அந்த உழைப்பு தெரியும். இந்தக் காடு அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறது.

ஒதுக்கி வைக்காத இடங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் அருகிலேயே சாட்சி உண்டு. புலாவ் லூமுட் என்று இருந்த சதுப்புக் காட்டுத் தீவு, பிறகு புலாவ் இண்டா என்று பெயர் மாறியது. 1990-களில் அங்கே மேற்குத் துறைமுகம் எழுந்தது. துறைமுகம் நாட்டுக்கு வேண்டும்தான்; நம் பிள்ளைகள் பலருக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் எல்லாத் தீவும் துறைமுகமாகிவிட்டால் மீனும் பறவையும் எங்கே போகும்?

நம் வீட்டுக் குப்பை

ஒரு காட்சி மட்டும் மனதை உறுத்தியது. பென்சில் வேர்களின் இடையே பிளாஸ்டிக் பைகள், மினரல் தண்ணீர் போத்தல்கள், ஒற்றைச் செருப்பு, சோற்றுப் பொட்டலப் பெட்டிகள். ஒரு பையில் எங்கள் வட்டாரப் பேரங்காடியின் பெயர் இருந்தது.

பேரன், "தாத்தா, இது நம்ம கடை பை!" என்றான்.

அது எப்படி இங்கே வந்தது? கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளம். கோலாலம்பூரின் நடுவே புகுந்து, பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலம் வட்டாரங்களின் கால்வாய்த் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு, கிள்ளானைத் தாண்டி இந்தத் தீவுகளுக்கு எதிரேதான் கடலில் விழுகிறது. நம் வீட்டுக்கு முன்னால் கால்வாயில் விழும் பை, மழை வந்தால் ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து இந்த வேருக்கும் வந்துவிடும். 2019-லிருந்து குப்பையை அள்ளும் மிதவை இயந்திரம் ஒன்று கிள்ளான் ஆற்றில் இறக்கப்பட்டு வேலை செய்தது. ஆனாலும் போடுகிற கைகள் அதிகம், அள்ளுகிற கை ஒன்று. மூச்சு விடும் வேரின் மேல் பிளாஸ்டிக் பை போர்த்திக்கொண்டால் மரம் என்ன செய்யும்?

தவுக்கே எங்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கிராமத்துக் குப்பையும் அதில் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. எட்டிய தூரத்தில் இருந்தவற்றைப் பேரனும் நானும் பொறுக்கி ஒரு பையில் கட்டிக்கொண்டோம்.

தண்ணீர் வந்தது

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுபடி அந்தப் பாதையின் முனைக்கு வந்தபோது இரண்டு மணி. சேற்றின் பள்ளங்களில் தண்ணீர் மினுமினுத்தது. அலையும் இல்லை, சத்தமும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நண்டுகள் வளைக்குள் போயின. சேற்றுமீன்கள் வேரில் ஏறிக்கொண்டன. பென்சில் வேர்கள் பாதி முழுகின. பிறகு முழுகியே போயின.

மூன்றரை மணிக்குச் சேறு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். அதில் மரங்கள் மட்டும் நின்றன. கரை இல்லை. மண் இல்லை.

அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் அவர் பக்கத்தில் வந்து நின்று, "பெரிய பாட்டி, உங்க அப்பா சொன்னது நெசந்தான்" என்றான்.

"நெசந்தான்டா ராசா" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரைப் பார்த்தபடியே, "தெரியாம சொல்லிட்டேம்பா" என்றார். அது எங்களுக்குச் சொன்னதல்ல என்பதால் நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

திரும்பும் படகில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பக்கமும் காடு தண்ணீரில் நின்றது. நடுவே எங்கள் படகு போயிற்று. தாத்தா அன்று பார்த்த தோட்டம் இன்று இல்லை. அவர் கட்டிய மாட்டுக் கொட்டகை இல்லை. அவர் படுத்த லயம் இல்லை. ஆனால் இந்த நாட்டில் அவர் கண்ட முதல் காட்சி அப்படியே இருக்கிறது. வெட்டக்கூடாது என்று யாரோ ஒதுக்கி வைத்ததால் இருக்கிறது.

வீடு வந்து சேர்ந்த அன்று இரவு, பேரன் கேட்கக் கேட்க அம்மா கப்பல் கதையை முதலிலிருந்து சொன்னார். நாகப்பட்டினத்தில் தாத்தா கட்டிக்கொண்டு வந்த புளிசோறு வரைக்கும் சொன்னார். அதையெல்லாம் நானே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நீங்களும் போய் வாருங்கள், வாசகர்களே. போகுமுன் ஐந்து விஷயங்களைக் கவனியுங்கள். நாட்காட்டியைப் பார்த்து, ஏற்றமும் வற்றமும் இரண்டையும் காணும்படி நாளைத் தேர்ந்தெடுங்கள். குடிநீரும் தொப்பியும் கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத மரத்தைக் கீறவோ இலையைக் கடிக்கவோ பிள்ளைகளை விடாதீர்கள். படகுத்துறையில் இறங்கியதுமே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டு போன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்; முடிந்தால் கொஞ்சம் கூடுதலாகவும் கொண்டு வாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். தள்ளாமை என்று அவர்கள் மறுப்பார்கள்; இரண்டாம் முறையும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பழங்கதை நம்ப முடியாததாகத் தோன்றினாலும், சிரிக்காமல் கடைசி வரை கேட்டுக்கொள்ளுங்கள்.